பதினைந்து நாள் காத்திருக்க வேண்டிய வீடு

விசாரணை அறிக்கை மூன்று பக்கம். அதில் எங்கள் அலுவலகத்து அக்காவைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான்: அனுமதி இல்லாமல் இருக்கையை விட்டு எழுந்து போனார், அலுவலக வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினார், பிறர் வீட்டுப் பூட்டை உடைத்தார். பூட்டை உடைத்தது நான். அதைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லை இவர்களுக்கு. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு அலுவலகத்தில் 'முத்திரை' என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே மேஜை, சரியாக மூடாத ஒரே ஜன்னல். புகார் போனில் வந்தாலும் கடிதத்தில் வந்தாலும் அவர்தான் படிவத்தில் எழுதி, தேதியும் நேரமும் குத்தி, எந்தத் தட்டில் போக வேண்டுமோ அந்தத் தட்டில் போடுவார். ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய மனிதர் தேதி போடாத காகிதம் ஒன்றை நீட்டினார். "தேதி போட்டுக் குடுங்க சார், நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நாள் முழுக்க வாய்ச்சண்டை. "பொண்ணு பாக்க வந்தவன்கிட்டயே நீ முத்திரை வெச்ச பேப்பர் கேட்டிருப்ப, அதான் ஒருத்தனும் திரும்பி வரல" என்பாராம் தங்கை. அக்கா இதை எங்களிடம் தானே சொல்லிச் சிரிப்பார். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், ஒரு நாளும் ஜீப்பில் ஏறியதில்லை. வாங்களேன் அக்கா, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "எனக்கு எதுக்கு தம்பி வீடு வீடா ஏறி இறங்கற வேலை? எல்லாம்தான் பேப்பர்ல இருக்கே" என்பார்.

போன வருடம் புதுச் சட்டம் வந்தது. பிள்ளைகளை இணையத்திலிருந்து காப்பாற்றும் சட்டம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. போன் வழியாகச் சீரழிந்த பிள்ளைகளை இதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் ஜீப் ஒன்று, டிரைவர் ஒருத்தன், அதிகாரி ஒருவர். புதிதாக எதையாவது முன்னால் வைத்தால் பழையது ஏதோ ஒன்று பின்னால் போக வேண்டும், இல்லையா? போனது. போன், இணையம் சம்பந்தப்பட்ட புகார் எல்லாம் சிவப்புத் தட்டு, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். பட்டினி போடுவது, பூட்டி வைப்பது, அடிப்பது எல்லாம் மஞ்சள், பதினைந்து நாள். அடித்த காயம் வெளியே தெரிந்து, டாக்டர் சான்றும் இருந்தால்தான் சிவப்பு. மற்றவை பச்சை, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். எங்களுக்கு என்றைக்கு நேரம் கிடைத்திருக்கிறது?

அதிகாரிக்கு நான் வைத்த பெயர் 'வெள்ளிக்கிழமை'. வெள்ளிக்கிழமைதோறும் மேலே இருந்து போன் வரும், சிவப்பு எத்தனை முடிந்தது என்று கேட்பார்கள். வியாழக்கிழமையே மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். வண்டிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க அக்கா மேஜைக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. ரிசீவர் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"ஆன்ட்டி, இது பிள்ளைங்களுக்கு உதவி பண்ற இடமா? புக்கு அட்டையில நம்பர் இருந்துச்சு."

"ஆமா கண்ணு, சொல்லு."

"மாமா கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாரு. தினமும் பூட்டிட்டுத்தான் போவாரு. ராத்திரிதான் வருவாரு. தங்கச்சிக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல. அழுதுக்கிட்டே இருக்கா."

ஒன்பது வயசுப் பிள்ளை. தங்கைக்கு மூன்று. அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறதாம், தன் தம்பியை நம்பி விட்டுப் போயிருக்கிறார். அந்த மாமாவுக்குக் கிடங்கில் வேலை. ஒரு மாதமாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவதில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்காக விட்டுப்போன பழைய போனிலிருந்துதான் கூப்பிடுகிறாள்.

"அம்மாகிட்ட சொல்லலியா கண்ணு?"

"சொன்னா அம்மா அழுவாங்க. அங்கேருந்து வரவும் முடியாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாமா அடிப்பாரா?"

"கோவம் வந்தா தள்ளி விடுவாரு."

"காயம் எதுவும் இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி" என்றாள் பிள்ளை. கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட மாதிரி, ரொம்பத் தெளிவாக.

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கரண்ட் பில்லைப் பார்த்து எழுத்துக்கூட்டி முகவரி சொன்னாள். "நாளைக்குள்ள ஆள் அனுப்பறேன், பயப்படாம இரு" என்றார் அக்கா. வைத்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையின் அறைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன்.

"காயம் இல்ல. அப்போ மஞ்சள், மேடம்."

"பூட்டின வீட்டுக்குள்ள ரெண்டு பிஞ்சு சார். பதினஞ்சு நாள் எப்படித் தாங்கும்?"

"எனக்கு மட்டும் மனசு இல்லியா? இந்த வாரம் சிவப்பே பதினொண்ணு இருக்கு. ஜீப் ஒண்ணுதான். இதை முன்னால தள்ளினா வெள்ளிக்கிழமை நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். படிவத்தை அப்படியும் இப்படியும் புரட்டினார். நாலாவது பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: பதிவு செய்யாத போன் குழந்தையின் கையில் உள்ளதா? புதுச் சட்டப்படி பிள்ளைகள் கையில் கொடுக்கும் போனைப் பதிவு செய்தாக வேண்டும்; செய்யாவிட்டால் அது ஒன்று போதும், சிவப்பு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் டிக் போட்டு, முத்திரை குத்தி, சிவப்புத் தட்டில் வைத்தார்.

"பொய் இல்லையே தம்பி? போன்லதானே பேசினா?"

"சூப்பர் அக்கா!" என்றேன். மடையன் நான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் அந்த வீட்டுக்கு யார் போவார்கள், போய் என்ன செய்வார்கள் என்று வாராவாரம் பார்ப்பவன் நான்தானே. அக்கா பார்த்ததெல்லாம் தட்டின் நிறத்தை மட்டும்தான். இருபத்தெட்டு வருடமும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமை காலை பெட்டிக்காரர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். போனைச் சோதிக்கும் கருவியைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருவதால் அவர்களுக்கு அந்தப் பெயர். சின்னப் பையன்கள், சொன்னதைச் செய்வார்கள். கிடங்குக்குத் தகவல் சொல்லி அந்த மாமாவை வரவழைத்தார்கள். வந்தான். பூட்டைத் திறந்தான். நல்ல மரியாதையாகப் பேசினான். பிள்ளைகள் இரண்டும் சுவரோரம் நின்றன. பெரியவள் கையிலிருந்த போனை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒட்டி, "உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட பதிவு செய்யாத போன் இருக்கறதா புகார் வந்திருக்கு, இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்கள்.

"யாரு சார் புகார் குடுத்தது?" என்று கேட்டான் அவன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது. கடைசியா இந்தப் போன்லேருந்து எங்க ஆபீசுக்குத்தான் கால் போயிருக்கு" என்றான் ஒரு பெட்டிக்காரன். சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டான்!

அந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தான். நான் கதவருகில் நின்று அந்தப் பார்வையைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். "வண்டிய எடுங்கண்ணே, இன்னும் மூணு வீடு இருக்கு" என்றார்கள், எடுத்துவிட்டேன். இதை விசாரணையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மூன்று வீடும் முடித்து அலுவலகம் வர மணி இரண்டு. பெட்டிக்காரர்கள் உறைகளை அக்கா மேஜையில் அடுக்கினார்கள், பறிமுதல் முத்திரை குத்துவதற்காக. அக்கா ஆவலோடு எழுந்துவிட்டார்.

"பிள்ளைங்க எங்க தம்பி? விடுதிக்கா கூட்டிட்டுப் போனீங்க?"

மேலே இருந்த உறையைக் காட்டினேன். முகவரிச் சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"அப்போ பிள்ளைங்க?"

"அங்கேயேதான் இருக்காங்க அக்கா. பிள்ளைதான் போன் பண்ணிச்சுன்னு அந்த மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

பெட்டிக்காரன் படிவத்தில் ஏற்கெனவே 'முடிந்தது' என்று எழுதியிருந்தான். முடிந்த புகாரை முப்பது நாளைக்குத் திறக்க முடியாது. அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு, முத்திரை மைப்பெட்டியைத் திறந்தபடியே போட்டுவிட்டு, அந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கியதை அலுவலகமே வாயைப் பிளந்து பார்த்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

வழியெல்லாம் ஒரே வார்த்தைதான். "வேகமா போ தம்பி." சிக்னலில் நின்றால் டாஷ்போர்டைத் தட்டுவார். அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே சின்னது அழும் சத்தம். பெரியவள் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "காலையில நீங்கதானே வந்தீங்க? நீங்க போன பிறகு ஒரே கூச்சல். போனைப் புடுங்கிட்டாங்களே, அதான் பிள்ளை அழுவுதுன்னு நெனச்சேன்."

"அம்மாடி! நான்தான்மா போன்ல பேசின ஆன்ட்டி. உள்ள இருக்கியா? ஒரு வார்த்தை பேசும்மா!" அக்கா கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். அவருடைய குரல் உடைந்துபோனதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உடை தம்பி."

"அக்கா, நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. போலீஸ் இல்லாம..."

"என் பேர்ல எழுதிக்கலாம். உடைடா!"

பதினோரு வருடத்தில் என்னை அவர் 'டா' போட்டது அது ஒரு முறைதான். சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்துவந்து பூட்டைக் கொண்டியோடு பெயர்த்தேன். பெரியவள் சமையல் மேடைக்கு அடியில் தங்கையை அணைத்தபடி சுருண்டிருந்தாள். உயிர் இருந்தது. இடது மணிக்கட்டு வீங்கி வளைந்து கிடந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் வெள்ளிக்கிழமை என் போனுக்குக் கூப்பிட்டுவிட்டார். யார் அனுமதி கொடுத்தது என்று கத்தினார். நிலைமையைச் சொன்னேன். அவர் குரலை இறக்கி, "காயம் வெளிய தெரியுதா?" என்றார். "அப்போ டாக்டர் சான்று வாங்கிடுங்க. சிவப்புல போட்டுடலாம்."

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். "நேத்து காயம் இல்ல சார். இன்னைக்கு இருக்கு. நாமதான் வாங்கிக் குடுத்தோம்" என்றார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாமாவை அன்று மாலையே கிடங்கில் வைத்துப் பிடித்தார்கள். மூன்றாம் வாரம் அம்மா வந்து சேர்ந்தார். அக்காவைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். தங்கையோடு சண்டை போட இப்போது நாள் முழுக்க நேரம் இருக்கிறது என்கிறார். அதெல்லாம் அறிக்கையிலோ வெளியிலோ எப்படியாவது தெரிந்துவிடும். தெரியாதது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடந்தது.

அக்கா பின் இருக்கையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். சின்னது அவர் தோளில் சாய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. பெரியவளின் கையைத் துண்டால் கட்டியிருந்தோம். அவள் அக்காவின் மடியில் இருந்த உறையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது என் போன்தானே ஆன்ட்டி? காலையில வந்தவங்ககிட்டேருந்து வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கும் நிம்மதி, அக்காவுக்கும் நிம்மதி. சொல்லுங்கள் அக்கா, சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அவங்கள அனுப்பினது நான்தான் கண்ணு" என்றார் அக்கா.

கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை நன்றாக இருந்த கையால் தங்கையை அக்காவின் தோளிலிருந்து இழுத்து, அந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள்.