இரண்டு சீட் காருக்கு ஒரு தீயணைப்பான்

"அண்ணாச்சி, இந்தக் காருக்கு இதைக் குடுக்கக் கூடாது."

வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னேன். சங்கரன்கோவிலில் தீயணைப்பான் விற்று, ரீஃபில் செய்து தரும் கடையில் எனக்கு வேலை. தறிக்கூடம், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று பல இடங்களில் சிலிண்டர் மாட்டியிருக்கிறேன். சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டும் என்று யாரும் அதுவரை வந்ததில்லை.

வந்தவர் கடையநல்லூர் காஜா பாய். துபாயில் கிரேன் வேலையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, செயற்கைக் காலோடு ஊர் திரும்பியவர். இனி பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல், கிளட்ச் இல்லாத பழைய இரண்டு சீட் கார் ஒன்றை வாங்கினார். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டையும் கையால் இயக்கும்படி மாற்றினார். தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. என்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது.

முதலாளி டிரை பவுடர் சிலிண்டரை மேஜைமேல் வைத்திருந்தார். "எல்லாரும் காருக்கு இதைத்தான் வாங்குதாங்க கோமதி. இதுல என்ன கொறை?"

பொருளில் குறை ஒன்றும் இல்லை. பெட்ரோல் தீயைச் சட்டென்று அமுக்கும். எனக்குக் கவலை வேறு.

"பாய், காருல உக்காந்துட்டு ஒருக்க இறங்கிக் காட்டுங்க" என்றேன்.

வாசலில் நின்ற காரில் ஏறி பெல்ட் போட்டார். பிறகு பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார். செயற்கைக் காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். கூரை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்து எழுந்தார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி? இவ்வளவு நேரமும் பவுடர் உள்ள மூட்டமா நிக்கும். கதவுப் பிடி எங்கன இருக்குன்னே தெரியாது."

"அப்பம் கார்பன் டை ஆக்சைடு குடு."

"அந்தச் சின்ன இடத்துல மூச்சு விடக் காத்தே இருக்காது. கிளீன் ஏஜென்ட்தான் சரி." கம்ப்யூட்டர் அறைகளுக்கு வைக்கும் வாயு அது. கண்ணை மறைக்காது. அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும் என்பதையும் பாயிடம் சொன்னேன்.

"ஒருத்தருக்காவ மதுரையில இருந்து வரவழைக்கணுமாக்கும்?" என்று முதலாளி முணுமுணுத்தார். ஆனாலும் வரவழைத்தார்.

*எங்கே மாட்டுவது?*

சிலிண்டர் வந்த பிறகு இடம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டிக்கியில் வைத்தால் எட்டாது. சீட்டுக்குப் பின்னால் வைத்தால் தீ வரும் பக்கமே கையை நீட்ட வேண்டும். பக்கத்து சீட்டின் அடியில் வைத்துப் பார்த்தேன். பெல்ட் போட்டபடி பாய் குனிந்தார், விரல்நுனிகூடப் படவில்லை.

"அக்கா, என் காலு பெடலை மிதிக்கிறதில்லைல்லா? இங்கன முன்னால சும்மாத்தானே கிடக்கு" என்று தன் சீட்டின் முன்விளிம்பைத் தட்டினார்.

எனக்குத் தோன்றாத இடம். சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு பிராக்கெட்டைச் சீட் போல்ட்டோடு சேர்த்து முடுக்கினோம். பாய் கண்ணை மூடிக்கொண்டு சிலிண்டரை எடுத்துப் பார்த்தார். திரும்ப மாட்டி, திரும்ப எடுத்தார். வேர்த்து வழிந்தும் விடவில்லை. "தூக்கத்துல எழுப்புனாலும் எடுக்கணும்" என்றார்.

*தீ*

அடுத்த கோடையில் குருவிகுளம் தாண்டிப் போகும்போது பெட்ரோல் வாடை அடித்திருக்கிறது. ஓரம் கட்டி என்ஜினை அணைப்பதற்குள் சீட்டுகளின் இடுக்கு வழியாகத் தீ உள்ளே வந்துவிட்டது. பாய் சிலிண்டரை எடுத்து, அதன் பாதுகாப்புப் பின்னை இழுத்து இடுக்கைப் பார்த்து அடித்தார். தீ தணிந்தது. கதவைத் திறந்து, காலைத் தூக்கி வைத்து, எழ முடியாமல் அப்படியே ரோட்டில் உருண்டார். பக்கத்துப் புஞ்சைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து அவரை இழுத்துப் போட்டார்கள். அதற்குள் தீ மறுபடி பிடித்துக்கொண்டது. கார் முழுவதும் எரிந்துபோனது.

மறுநாள் ஆட்டோவில் கடைக்கு வந்தார். முழங்கையில் கட்டு. நடந்ததைக் கேட்டதும் முதலாளி வருத்தப்பட்டார். "பெரிய சிலிண்டரா குடுத்திருக்கணும் பாய். கார் போச்சே."

"காரைக் காப்பாத்தவா அண்ணாச்சி வாங்குனேன்?" என்றார் பாய்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். காருக்கு என்று ஒருவர் கேட்டால் வண்டியின் மாடலை அப்புறம் கேளுங்கள். அவர் எப்படி வெளியே வருவார் என்று முதலில் பாருங்கள். சின்ன சிலிண்டர் தருவது சில விநாடிகள் மட்டும். அந்த விநாடிகளுக்குள் கதவு திறக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், கை எட்ட வேண்டும்.

பாய் அன்று கிளம்பும்போது, "அக்கா, அதே மாதிரி ஒரு பிராக்கெட் மட்டும் குடுங்க" என்றார்.

"கார்தான் இல்லையே பாய்?"

"தென்காசியில ஒண்ணு விலைக்கு நிக்காம். பாக்கப் போறேன். இது சீட்டுக்கு முன்னால உக்காந்தாத்தான் வாங்குவேன்."