கம்பி கழற்றிய தாடை

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையில் தண்டவாளம் தூக்கும் கூட்டத்துக்கு நான்தான் குரல் கொடுப்பவன். நான் "ஐலசா" என்றால்தான் எல்லாக் கைகளும் ஒன்றாக எழும்பும். ஒருநாள் கடப்பாரை எகிறி என் தாடையை உடைத்தது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை. என் குரல் குழறியது. அதைக் கேட்டுப் பாதிப் பேர் தூக்கினார்கள், பாதிப் பேர் நின்றார்கள், தண்டவாளம் ஒருவர் காலருகே விழுந்தது. மேஸ்திரி என்னை ஜல்லி அள்ள அனுப்பிவிட்டார். அந்த அவமானம் எனக்குத் தாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் மயக்கம் கொடுத்து, கூடிய எலும்பையே மறுபடி உடைத்து நேராக்கினார். அசையாமலிருக்க இரு வரிசைப் பற்களையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார். விழுந்த பல்லின் சந்து வழியாக மனைவி கஞ்சித்தண்ணீர் ஊற்றினாள்.

கம்பியைப் பார்த்த எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள், முருகனுக்கு வாய்ப்பூட்டு வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் ஏது? பக்கத்து வீட்டுப் பெண் கற்பூரம் காட்டி, "அண்ணே, எம் மவனுக்கு வேலை கெடைக்கணும், துன்னூறு பூசி விடுங்க" என்றாள். பூசிவிட்டேன்.

கம்பியைக் கழற்றிய அன்று, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் சொன்னார்: "எலும்பு ஒட்டிருச்சு. ஆனா சதை பழைய பக்கமே இழுக்கும். மெல்ல மெல்ல நகந்தாலும் நகரும். பாக்கு மெல்லாத, சத்தம் போடாத."

நகர்ந்துவிடுமோ என்று தினமும் காலையில் ஒரு வெற்றிலையைக் கடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பல்தடம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"கடிச்சுத் தூக்கிப் போடறதுக்கா வெத்தல வாங்குறோம்?" என்பாள் மனைவி.

கம்பி இல்லை, தூங்கும்போது காவலும் இல்லை. ஆனாலும் எலும்பு வைத்த இடத்திலேயே நின்றது. உள்ளே யார் இப்படிப் பிடித்து வைத்திருப்பது என்று எண்ணி எண்ணி மலைத்துப் போனேன். இன்றும் அந்த மலைப்பு தீரவில்லை.

சில மாதங்கள் கழித்து, குரல் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "எங்க, கூப்பிடு பாக்கலாம்லா" என்றார் மேஸ்திரி. அடிவயிற்றிலிருந்து "ஐலசா" என்றேன். தாடை சுள்ளென்றது. தண்டவாளம் ஒரே மூச்சில் எழும்பியது. எனக்கு அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இறக்கி வைத்ததும் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துக் கடித்தேன். தடம் காலையில் விழுந்த மாதிரியே இருந்தது.

பக்கத்தில் நின்றவரிடம் பாக்கு வாங்கி, அந்த வெற்றிலையோடு சேர்த்து நிதானமாக மென்றேன்.