‘மருந்து குடிச்சிட்டா!’

நான் சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கும் மாணவன். போன விடுமுறையில் தொழில் பழக ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். தமிழர் சொல்வதை வெள்ளைக்கார டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வதும் என் வேலை. முதல் வாரமே என் பயிற்சிப் புத்தகத்தில் அவர் ‘வெகு வேகமானவன்’ என்று எழுதிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

மறுநாள் காலை, பாயான் லெப்பாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, என் தங்கச்சி மருந்து குடிச்சிட்டா! வெளிய வண்டியில கெடக்குறா!"

"இவர் தங்கை மருந்து சாப்பிட்டுவிட்டு வண்டியில் படுத்திருக்கிறாளாம்" என்று டாக்டரிடம் சொன்னேன்.

"நல்லது, காத்திருக்கட்டும்" என்றார் அவர். நானும் அப்படியே சொல்லி பெஞ்சைக் காட்டினேன்.

அந்த மனிதர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "தம்பி, நீ தமிழன்தானே? லாலான் புல்லு சாக அடிக்கிற மருந்துய்யா! தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர். "விஷம், விஷம்!" என்று இங்கிலீஷில் கத்தினேன். டாக்டர் வண்டிக்கே ஓடினார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து, "என்ன மருந்து அண்ணே? எதுக்கான மருந்து?" என்று கேட்டுத் தெளியாமல் டாக்டர் பக்கம் திரும்பியதே இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் ‘வெகு வேகமானவன்’ என்று எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் என்னால் திறக்க முடியவில்லை.