தண்டபாணி சார் அழித்த படம்

போன வாரம் வீட்டுக்கு வந்த அக்கா மகள், கல்லூரிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபடி போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஒதுக்கி வைக்கலாமென்று எடுத்தேன். திறந்த பக்கத்தில் ஒரு ஈ, ஒரு எலி, இரண்டுக்கும் நடுவே வண்ணக் கட்டங்களாக மரபணு வரிசை. எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம். இதே படத்தைத்தான் நான் சாக்பீஸில் வரைந்தேன். இதைத்தான் தண்டபாணி சார் அழித்தார்.

உங்களுக்கு அவரைத் தெரியாது. அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் அவர் விலங்கியல் துறைத் தலைவர். நான் வருடா வருடம் புதுப்பிக்கப்படும் தற்காலிக விரிவுரையாளர். ஒரே அறை, எதிரெதிர் மேஜை. அறை முழுக்க ஃபார்மலின் நெடி. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்; எனக்கு உறைக்காது. அத்தா தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர், பச்சைத்தோல் வாடையில் சோறு தின்று வளர்ந்தவள் நான். அந்த வாடை என் புடவையிலும் இருப்பதாகத் தண்டபாணி சாருக்கு எண்ணம். நான் உள்ளே நுழைந்தால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். அவர் உட்கார்ந்ததும் நான் போய் மூடுவேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

பாடம் நடத்தும்போதுதான் சண்டை முற்றியது. தலை எங்கே, நெஞ்சு எங்கே, பின்பகுதி எங்கே என்று கருவிலேயே இடம் சொல்லும் மரபணுக்கள் உண்டு. உடம்பில் உறுப்புகள் அமையும் அதே வரிசையில் அவையும் நிற்கும். ஈயிடம் அந்த வரிசை ஒன்று. எலியிடமும் நம்மிடமும் நான்கு. நம் ஆதி மூதாதைகளில் மரபணுக்கள் மொத்தமாக இருமுறை இரட்டித்ததால் வந்த பெருக்கம் அது. ஒரு பிரதி பழைய வேலையைக் கவனித்துக்கொள்ள, இன்னொன்று புது வேலை பழகியது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது. இதைச் சொல்லாமல் விலங்கியல் நடத்துவது உப்பில்லாமல் வெஞ்சனம் வைப்பது மாதிரி.

படத்தை வரைந்து முடிக்கும்போது வகுப்புக்குள் வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், வைவதைக்கூட மரியாதையாகத்தான் வைவார்.

"ஏனுங்க மேடம், அப்ப நாமெல்லாம் ஈக்குப் பொறந்தவங்களுங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஈக்குப் பொறக்கல சார். ஈக்கும் நமக்கும் ஆதியில மூத்தது ஒண்ணு."

"முதுகெலும்பு இருக்கறது வேற சாதிங்க. சிலபஸ்ல இல்லாதத நடத்தாதீங்க." டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார். நான் மறுபடி வரைந்தேன். பக்கத்திலேயே நின்று மறுபடி துடைத்தார். சிரித்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டில் அத்தா, "அந்தாளுகூட என்னத்துக்கும்மா மல்லுக்கு நிக்கிற? செத்த பொறுத்துப் போ" என்றார். பொறுத்துப் போகிற வயதா அது?

துறையின் அலமாரியில் ஆம்பியாக்சஸ் ஸ்லைடு ஒன்று இருந்தது. மீன் குஞ்சு போன்ற சின்னக் கடலுயிர். முதுகெலும்பு கிடையாது, அது வரவேண்டிய இடத்தில் ஒரு நாண் மட்டும் ஓடும். அதனிடமும் மரபணு வரிசை ஒன்றே ஒன்று. பெருக்கம் நடப்பதற்கு முன்னால் பிரிந்துபோன சொந்தம். அதை நுண்ணோக்கியில் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். சாவி அவரிடம். கேட்டேன். "உடைஞ்சு போச்சுங்க" என்றார். கண்ணாடிக் கதவு வழியாக அது எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

முதல்வரிடம் போனேன். அவர் இருவரையும் கூப்பிட்டு, ஸ்லைடைக் கொண்டுவரச் சொன்னார். தண்டபாணி சார் கொண்டுவந்தார், நீட்டினார். நான் பிடிப்பதற்குள் விட்டார். நான் பிடித்த பிறகுதான் விட்டதாக அவர் சொன்னார். தரையில் கண்ணாடித் துண்டுகள். முதல்வர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

வராந்தாவில் தண்டபாணி சாரின் குரல் நடுங்கியது. "மனுசன் உடம்பு அம்புட்டும் தனிப் படைப்புன்னுதானுங்க இத்தன வருசமா சொல்லிக் குடுத்தேன். நீங்க வந்து எல்லாம் நகலுங்கறீங்க."

எனக்கு இரக்கம் வரவில்லை. "அப்ப இத்தன வருசமும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்" என்றேன். அடுத்த ஜூனில் எனக்கு வேலை இல்லை.

சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அங்கேயே காலம் போய்விட்டது. அவர் இறந்த செய்தி வந்தபோது நான் போகவில்லை. போயிருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சேர ஆளில்லாமல் அந்தக் கல்லூரியில் விலங்கியல் பட்டப்படிப்பையே எடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய அறையில் இப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்; கதவைச் சாத்தி ஏசி ஓடுகிறது. எலும்பில்லாத ஓர் உயிருக்காக வேலையைப் பணயம் வைத்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல், ஒருவரை ஒருவர் மனமார வெறுத்த இரண்டு பேர் அங்கே இருந்தோம். அந்த வெறுப்பைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரும் இல்லை.