ஜாடியில் போட்ட உப்பு

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்த்தேன். ஈரத்தோல் வந்து இறங்கியதும் கெடாமலிருக்க உப்புத் தூவி அடுக்குவது என் வேலை. தலைசுற்றல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் மிக அதிகம் என்றார்கள். அங்கே பக்கத்து மாட்டுங்கா பகுதிக்காரர் ஒருவர், தமிழ் டாக்டர், ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கொடுத்தார்.

"கிட்னி மேல குல்லா வச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஊறுறது அதிகமானா உடம்பு உப்பைப் பிடிச்சு வச்சுக்கும், பிரஷர் ஏறும், கிட்னியையும் கெடுக்கும். ஒரு நாள் முழுக்கப் போற மூத்திரத்தை இதுல சேர்த்துக் கொண்டு வாங்க. கெட்டுப்போகாம பாத்துக்குங்க."

என் கிட்னி கெட்டுவிட்டதா என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாடியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். மதியத்துக்குள் வாடை அடித்தது. கெடக்கூடாது என்றாரே. இரண்டு கை உப்பை அள்ளி உள்ளே போட்டேன்.

"குழம்புக்குப் போட உப்பில்ல, இதுக்கு இருக்காக்கும்" என்றாள் மனைவி.

முடிவு வந்த அன்று டாக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட வந்திருந்த மனைவியிடம் சொன்னார்: "ஏம்மா, மூத்திரத்துல இவ்வளவு உப்பா? இப்படிப் போட்டா எந்த மருந்தும் கேக்காது."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக் கொடுக்கவில்லை.

"அவ போடல சார். நான்தான் போட்டேன்."

"சாப்பாட்டுலயா?"

"ஜாடியில. தோலுக்குப் போடுவோம்லா, அது மாதிரி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஐஸ்ல வைக்கணும்னு நான்தான் சொல்லியிருக்கணும்" என்று இன்னொரு ஜாடியை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு மனைவி மீன்காரியிடம் ஐஸ் வாங்கி வந்து பக்கெட்டில் கொட்டினாள். "என்ன மீனுன்னு கேக்கா. வீட்டுக்காரரைத்தான் ஐஸ்ல வைக்கப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

இந்த முறை டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்: "கிட்னி கெட்டுப்போச்சா சார்?"

"சுரப்பி நல்லாத்தான் இருக்கு. ஆனா மூத்திரத்துல புரதம் லேசா கசியுது. கிட்னி இப்பத்தான் பழுதாக ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையை விடாம போட்டா இதோட நிறுத்திடலாம்."

"அப்ப உப்பு?" என்றாள் அவள்.

"குழம்புல பாதி. ஜாடியில வேண்டவே வேண்டாம்."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குள் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.