வவ்வாலுக்குப் பயந்த வேன்காரர்

அந்த வேன்காரர் வாயைத் திறந்தால் குகைக் கதைதான். ஊரிலிருந்து தேசியப் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது அவர் தொழில். அங்கே காட்டுக்கு நடுவே, மனித வாடையே இல்லாத காலத்தில் உண்டான சுண்ணாம்புப் பாறைக் குகைகள் இருக்கின்றன. கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள், யானை மாதிரி நிற்கும் பாறை, உச்சியிலுள்ள ஓட்டை வழியாக இறங்கும் வெயில் என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது, தட்டில் சாப்பாடு ஆறிப்போவதுகூட அவர் மனைவிக்குத் தெரியாது.

உண்மை என்னவென்றால், அவர் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. பயணிகள் இறங்கியதும் வேனை நிழலில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார். திரும்பும் வழியில் அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி, கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்து வீட்டில் அவிழ்த்துவிடுவார். காரணம் வவ்வால். அந்தப் பேரைக் கேட்டாலே அவர் காதைப் பொத்திக்கொள்வார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் ஆவிக்கு நடுவே நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவாள். அவளும் அங்கிருந்த பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குகை பார்க்கக் கிளம்பினார்கள். யார் வேனில் என்று சொல்லவேண்டியதில்லை.

குகை வாசலில் ஒரு வழிகாட்டி எதிரே வந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க? எங்க வீட்டுக்காரருக்கு உள்ள மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி," என்று மனைவி அவரை அனுப்பிவிட்டாள்.

வேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க முன்னாடி போங்க. நான் வண்டிக்குப் பக்கத்துல இருக்கேன்," என்று இழுத்தார்.

மனைவி அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனாள். "என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. வந்து... நான் உள்ள போனதே இல்ல."

"அப்போ இத்தனை நாளா சொன்னதெல்லாம்?"

"எல்லாம் கேள்விப்பட்டதுதான். உள்ள வவ்வால் இருக்குமாம், புள்ள."

அவள் கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தார். அவளோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு பையிலிருந்த துண்டை எடுத்து, காது மறையும்படி அவர் தலையில் இறுக்கிக் கட்டினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கையப் பிடிச்சுக்கோங்க, வாங்க."

முதல் கொஞ்ச தூரம் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார். தலைக்கு மேலே படபடவென்று சத்தம் கேட்டதும் அவள் விரல்களை நெரித்தார்.

"ஐயோ, எலும்பு முறியுது! கண்ணத் திறந்து பாருங்க. அதுங்க உங்களக் கண்டுக்கவே இல்ல."

திறந்தார். தூண் தூணாகக் கல் இறங்கியிருந்தது. சில தூண்கள் இப்போதுதான் மெழுகு வழிந்ததுபோல் ஈரமாக மின்னின. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இந்தக் குளிர்ச்சியை, இந்தச் சத்தத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"அண்ணே, யானைப் பாறை எங்கே?" என்று பெண்கள் கேட்டார்கள். அவர் குத்துமதிப்பாக ஒரு பக்கம் கைகாட்டினார்.

"இது யானையாண்ணே? அச்சு அசல் நம்ம சூப்பர்வைசர் குனிஞ்சு நிக்கிற மாதிரில்ல இருக்கு!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எதிரொலித்து, இன்னொரு கூட்டம் பதிலுக்குச் சிரிப்பதுபோல் திரும்பி வந்தது. வேன்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசிக் கூடத்தில் உச்சி ஓட்டை வழியாக வெயில் விழுந்து தரையில் வட்டமாகக் கிடந்தது. அவர் அதன் நடுவில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, தானாகவே துண்டை அவிழ்த்தார். எல்லாரும் கிளம்பியும் அவர் அசையவில்லை. மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று.

அதற்கடுத்த விடுமுறைக்கு வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு, இருவரும் மட்டும் பஸ் ஏறிப் போனார்கள். இந்தத் தடவை மேட்டுப்பக்கத்துச் சின்னக் குகை, தவழ்ந்துதான் போகமுடியும். அவள் வாசலிலேயே தயங்கினாள். அவர் முழங்கால் போட்டு முதலில் நுழைந்துவிட்டார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"அடேயப்பா! புள்ள, சீக்கிரம் வாயேன். தலைய மட்டும் குனிஞ்சுக்கோ!"