சிவப்பு விளக்கு எரிந்த சாயங்காலம்

குடிநோய் சிகிச்சைக்காக என் கணவருக்கு ஊதிப் பார்க்கும் கருவி கொடுத்திருந்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் ஊதுவார். குடித்திருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை; முடிவு போன் வழியாக மருத்துவமனைக்குப் போய்விடும். நாற்பதாவது நாள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சத்தியமா குடிக்கல," என்றார். பிள்ளைகள் எதிரிலேயே அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

உடனே மருத்துவமனை நர்ஸ் போனில் கேட்டார்: "கம்பெனியில என்ன வேலைம்மா பண்றாரு?"

"சோல் ஒட்றாரு. இன்னிலேர்ந்துதான் அந்த வேலை."

"அந்தப் பசை வாடைக்கும் சிவப்பு வரும்மா. முகம் கழுவி, சட்டை மாத்தி, அரை மணி கழிச்சு ஊதச் சொல்லுங்க."

உள்ளே கூப்பிட்டு, நர்ஸ் சொன்னபடியே அரை மணி கழித்து ஊதச் சொன்னேன். பச்சை எரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

"மெஷின் சொன்னதும் நம்பிட்ட. நான் சொன்னப்ப இன்னா ஆச்சு?" என்றார்.

இப்போது அவர் ஊதும்போது நான் விளக்கைப் பார்ப்பதில்லை. "இன்னிக்கு எப்படி?" என்று அவரையே கேட்கிறேன்.